ராத்தா வீட்டுக் கூரைத் தண்ணீர்

நாலு தார்ப் பீப்பாக்களும் மாட்டுக் கரத்தையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு விழுந்த சத்தத்தில் மருதமுனையின் அந்த ஒழுங்கை முழுவதும் வேலிக்கு மேலால் தலையை நீட்டியது. சுபைறா தறியை விட்டு எழும்பி வாசலுக்கு ஓடி வந்தாள். நூலோட்டும் நாடாவைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, கையிலேயே இருந்தது. பீப்பாக்கள் கன்னங்கரேலென்று கிடந்தன. உள்ளே தார் காய்ந்து ஒட்டி, வெளியே சேறு அப்பி, ஒன்றுக்கு வயிறு நசுங்கி, பார்க்கச் சகிக்காத கோலம். சுபைறாவுக்கோ பெருநாளைக்குப் புதுப் பட்டு வந்து இறங்கியது போல ஒரே சந்தோஷம்.

“மாஷா அல்லாஹ்! நாலும் ஓட்டை இல்லாததா?” என்று கரத்தைக்குப் பின்னால் நடந்து வந்த புருஷனிடம் கேட்டாள்.

“ஓட்டை இல்ல. தட்டிப் பாத்துத்தான் எடுத்தன்,” என்றான் பக்கீர் முகைதீன். அவன் கரைவலைக்காரன். அந்த வருஷம் கல்முனைப் பெரிய றோட்டுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். றோட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு கூடை பாரை மீனைக் கொடுத்து, வெறும் பீப்பாக்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

முன்வீட்டுச் சபியா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒழுங்கைக்கே இறங்கிவிட்டாள். “என்ன கா சுபைறா, சாராயப் பீப்பாவக் கொண்டந்து இறக்கிரிக்கிற? தௌபா, தௌபா!”

“சாராயம் இல்ல மாமி, தாரு. வேணுமெண்டா மணந்து பாருங்க.”

சபியா உம்மா மெய்யாகவே குனிந்து மணந்து பார்த்தாள். அடுக்கடுக்காக ஐந்தாறு தும்மல் வந்தது. அவள் தும்மி முடிப்பதற்குள் சுபைறா முதல் பீப்பாவை வளவுக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் பீப்பாப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து பிடித்தது என்று சொல்ல வேண்டும். சுபைறாவும் அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, முனவ்வறாவும் ஒரே வளவில்தான் குடியிருந்தார்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேருவான். அவர்களுடைய வாப்பா அச்சிமுகம்மது மௌத்தாவதற்கு முன்னே வளவை இரண்டாகப் பிரித்து, மேட்டுப் பக்கத்தை மூத்தவளுக்கும் பள்ளப் பக்கத்தை இளையவளுக்கும் எழுதி வைத்தார். நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலி முடிகிற இடத்தில் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஆனால் வாப்பா காலத்தில் அது ஒரு பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஓலைக் கூரையில் பெய்த மழை சொட்டுச் சொட்டாக இறங்கும், கீழே கிடந்த பொலுபொலுத்த மணல் அதைக் குடித்துவிடும், அவ்வளவுதான்.

முனவ்வறாவின் புருஷன் சீனிமுகம்மதுவுக்குக் கல்முனையில் கடை. வியாபாரம் ஏறினதும் மனுசன் ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடு போட்டார். கூரையைச் சுற்றித் தகரப் பீலி கட்டினார். அதோடு விட்டாரா? முற்றத்து மணலில் செருப்புப் புதைகிறது என்று கரத்தை கரத்தையாகச் செங்கிறவல் சரளை கொண்டுவந்து கொட்டி, ஆள் வைத்துத் திமிசு போட்டு இறுக்கினார். முற்றம் கல்லுத் தரை மாதிரி ஆயிற்று. ஊரே வந்து நடந்து பார்த்துவிட்டுப் போனது. போன மாரியில் முதல் பெருமழை பெய்தபோது அந்தக் கூரை பிடித்த தண்ணீர் எல்லாம் பீலியால் கொட்டி, கிறவல் முற்றத்தில் ஒரு துளிகூட இறங்காமல், வேலியின் அடியால் பாய்ந்து வந்து சுபைறாவின் தறிக்கொட்டிலுக்குள் நுழைந்தது.

அவளுடையது குழித்தறி. நிலத்தில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே மிதிபலகையை மிதித்து நெய்வது. தண்ணீருக்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறு உண்டா? குழி நிரம்பித் தளும்பியது. அன்றைக்குத்தான் அது நடந்தது. அவளுடைய கடைசிப் பிள்ளை, தத்தித் தத்தி நடந்து திரிந்த றுகையா, குழிக்குள் விழுந்துவிட்டாள். பக்கீர் முகைதீன் கண்டதால் பிள்ளை தப்பியது. தலைமயிரில் பிடித்துத் தூக்கினான். பிள்ளை இருமித் தண்ணீரைக் கக்கி அழ ஆரம்பித்த பிறகுதான் அவனும் அழுதான். கடலில் எத்தனையோ பேரை இழுத்துப் போட்டவன், தன் வீட்டுக் குழியருகே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.

“இனி ஒருக்காக் குழிக்குள்ள வெள்ளம் வந்தா மண் போட்டு மூடிருவன்,” என்றான். “தறி வேணாம், ஒண்டும் வேணாம்.”

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் சுபைறாவுக்குத் தறி இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? மிதிபலகையில் கால் வைத்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது, கவலை தெரியாது. அவள் நெய்கிற வெள்ளைச் சாரனைத்தான் ஜும்ஆவுக்கு உடுப்போம் என்று அடம்பிடிக்கிற ஆண்கள் ஊரில் இருந்தார்கள். கடல் கொந்தளித்து வலை போட முடியாத மாரி மாதங்களில் அடுப்பு எரிந்ததும் அந்தத் தறியால்தான். தறியை இடம் மாற்றலாமென்றால் அவளுடைய பங்கு முழுவதும் பள்ளம். அடுத்த மாரி நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று.

வழியைக் காட்டியது ஒரு கிடாரம். முனவ்வறா வீட்டில் புது ஓட்டுக்காக மௌலூது ஓதி, ஊருக்குச் சோறு கொடுத்தார்கள். பள்ளிவாசலில் இரவல் வாங்கிய பெரிய கிடாரத்தைக் கழுவி, பீலி கொட்டுகிற ஒரு மூலையில் அப்படியே வைத்துவிட்டார்கள். அன்று பின்னேரம் ஒரு சின்ன மழை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுபைறா, கிடாரம் நிறையும்வரை அந்த மூலையிலிருந்து தன் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராததைக் கண்டாள். நிறைந்து வழிந்த பிறகுதான் வந்தது. “அட றப்பே!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். ஒரு கிடாரம் இவ்வளவு பிடிக்குமென்றால் நாலு பீப்பா எவ்வளவு பிடிக்கும்!

பீப்பாக்களைச் சுத்தம் செய்தது தனிக்கதை. உள்ளே வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்தார்கள். தார் பற்றிக்கொண்டு கரும்புகை தென்னை உயரத்துக்கு எழும்ப, வீடு எரிகிறதென்று ஒழுங்கையில் பாதிப்பேர் வாளியோடு ஓடி வந்தார்கள். பிறகு மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, உள்ளே சுண்ணாம்பு அடித்து, அடியில் துளை போட்டு, துணி சுற்றிய மரக்கட்டையால் இறுக்கி அடைத்தார்கள். சுபைறாவின் முழங்கைவரை கறுப்பு. கழுவக் கழுவப் போகவில்லை. அவளுக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது.

மிஞ்சியிருந்தது சீனிமுகம்மதுவின் சம்மதம். பீப்பாக்கள் நிற்க வேண்டியது அவருடைய வீட்டு மூலைகளில் அல்லவா?

“என்ட ஊட்டு முகப்புல தார்ப் பீப்பாவா?” மனுசன் துள்ளினார். “வந்து போற ஆக்கள் என்னெண்டு கேப்பாங்க?”

“எல்லாம் சும்மா கதை,” என்றாள் முனவ்வறா, வாசல் நிலையில் சாய்ந்தபடி. “கடற்கரை நிலம். குழி வெட்டினா தண்ணி ஊறாம என்ன செய்யும்? எங்கட கூரைத் தண்ணி உன்ட குழிக்க வாறல்ல கா.”

ராத்தாவோடு மல்லுக்கு நிற்க சுபைறா வரவில்லை. மச்சானுக்கு எது பலவீனம் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். அதில் போடுகிற தேத்தண்ணீரைக் குடித்து ஒவ்வொரு நாளும் முகத்தைச் சுளிப்பவர் அவர்.

“மழைத்தண்ணில தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிரிக்கிறீங்களா மச்சான்? ஒருக்காக் குடிச்சாப் பிறகு கிணத்துப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டீங்க.”

சீனிமுகம்மது தாடியைத் தடவினார். அன்று பின்னேரமே நாலு மூலையிலும் நாலு பீப்பா ஏறி நின்றது. வெளியே வெள்ளை அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

முதல் மழை வந்தது. எப்படி வந்தது! கடலுக்கு மேல் கறுத்து, தென்னைகளைப் பிடித்து உலுப்பி, ஒழுங்கையில் நின்றவர்களைத் துரத்திக்கொண்டு வந்து கொட்டியது. சுபைறா தறியில் இருந்தபடியே காலால் குழியைத் துழாவினாள். காய்ந்த மண். இன்னும் கொஞ்சநேரம் கழித்துத் துழாவினாள். காய்ந்த மண்தான்! மழை விட்டதும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்கு ஓடினாள். நாலு பீப்பாவும் கழுத்துவரை நிறைந்து, கண்ணாடி மாதிரி நின்றன. பக்கீர் முகைதீனும் வந்து எட்டிப் பார்த்து, அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அந்தத் தட்டு போதும் அவளுக்கு.

அன்று முனவ்வறா மழைத் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றினாள். சீனிமுகம்மது ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொண்டு கொண்டா,” என்றார். சோறு மல்லிகைப் பூ மாதிரி வெந்தது. முனவ்வறா தலை முழுகினாள். மயிர் பட்டாகப் பறந்தது. அவ்வளவுதான், பீப்பாத் தண்ணீர் பொன்னாகிவிட்டது. பலகை போட்டு மூடி, மேலே வெள்ளைத் துணியும் விரித்து, தொழுகைக்கு வுழூச் செய்யவும் குடிக்கவும் மட்டும் சிரட்டை அகப்பையால் அளந்து எடுத்தார்கள்.

அங்கேதான் பிசகியது. மறுநாள் பின்னேரம் அடுத்த மழை, முதல் மழையைவிட வேகமாக இறங்கியது. நிறைந்து நின்ற பீப்பாவுக்குள் எந்தத் தண்ணீர் போகும்? கூரைத் தண்ணீர் முழுவதும் பீப்பாவின் வாயால் குபுகுபுவென்று வழிந்து, கிறவலில் விழுந்து, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. சுபைறாவின் காலில் குளிர் பட்டது. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால். அவள் பாவு நூலைத் தூக்கிக் கட்டவும் நூற்கூடையை எடுக்கவும் ஓடின ஓட்டத்தில், நெய்து சுற்றியிருந்த வெள்ளைச் சாரன் சுருளின் அடிப்பக்கம் தண்ணீரில் தோய்ந்துவிட்டது.

பக்கீர் முகைதீன் குழியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். மழை விட்ட கையோடு கடற்கரைக்குப் போய் ஒரு கரத்தை மணல் கொண்டுவந்து கொட்டில் வாசலில் குவித்தான்.

“அல்லாஹ்வுக்காகக் கேக்கிறன்,” என்றாள் சுபைறா. “இன்னும் ஒரு மழை. ஒண்டே ஒண்டு. அதிலயும் வந்தா நானே மூடுறன்.”

அவன் மண்வெட்டியை மணலில் குத்தி நிறுத்தினான். “ஒண்டுதான்,” என்றான்.

சுபைறாவுக்கு அழ நேரமில்லை. பீப்பா நிறைந்திருந்தால் அது இருந்தென்ன, இல்லாமல் என்ன! மழைக்கு முன்னே அது காலியாக இருக்க வேண்டும். இது இப்போதுதானா மண்டையில் ஏற வேண்டும் என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். சரி, காலி செய்வதென்றால் எங்கே ஊற்றுவது? ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் ராத்தாவின் கிறவலில் கவிழ்த்தாள்; சர்ரென்று தன் பக்கம் ஓடியது. இன்னொரு குடத்தைக் கிணற்றடி மணலில் ஒரேயடியாகக் கவிழ்த்தாள். பாதி இறங்கியது, பாதி ஓடியது. மூன்றாவது குடத்தை மெல்லச் சரித்து நூல் போல ஊற்றினாள். முழுவதையும் மணல் குடித்துவிட்டது! ஓடவுமில்லை, தேங்கவுமில்லை. பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுகிற விஷயம்தான். அவசரப்பட்டால் வழியும், பொறுத்துக் கொடுத்தால் இறங்கும். சுபைறாவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கிணற்றடியில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் தேங்காய் மட்டைகளை அடுக்கி, மேலே மணலைப் போட்டாள். பிளந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு ராத்தாவிடம் போனாள்.

“ஒவ்வொரு பீப்பாவிலயும் கட்டையக் கொஞ்சம் தளர்த்தி விடுவம் ராத்தா. இந்த மூங்கிலால மெதுமெதுவா மட்டைக் குழிக்குப் போகட்டும். அடுத்த மழைக்குப் பீப்பா காலியா நிக்கும்.”

முனவ்வறாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிற? அல்லாஹ் தந்த றஹ்மத்த, குடிக்கிற தண்ணிய, மண்ணுல ஊத்தச் சொல்றியா? ஆத்தங்கரையில இருந்து வுழூச் செஞ்சாலும் தண்ணிய வீணாக்கப்படாதெண்டு வாப்பா சொல்லித் தரல்லயா நமக்கு? இஸ்றாப் கா இது! நான் செய்ய மாட்டன்.”

“வீணாப் போகல்ல ராத்தா. மண்ணுக்க போனா நம்மட கிணத்துக்குத்தானே வரும்.”

“நீ கண்டியா?”

அது எப்படிக் காண்பது?

“என்ட தறி போகப் போகுது ராத்தா,” என்றாள் சுபைறா.

“அது ஊறுற தண்ணி. எங்கட கூரையில பழி போடாத.” முனவ்வறா உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால்கூட சுபைறாவுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மனுசிக்குப் பெரிய வீட்டுக்காரி என்ற எண்ணம் ஏறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு, மூங்கிலை வேலியோரம் எறிந்துவிட்டு வந்தாள்.

முனவ்வறா ஒன்றும் கல்நெஞ்சக்காரி அல்ல. மறுநாள் காலையில் ஒரு தட்டில் இடியப்பமும் தேங்காய்ச் சொதியும் மூடி எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். ஓட்டு வீடு வந்த பிறகு அவள் அந்தக் கொட்டிலுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். சுபைறா முகம் கொடுக்காமல் ஒரு வாளியால் குழித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். முனவ்வறா தட்டை வைத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தாள். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். சிவப்பு. தேத்தண்ணீர் போல நல்ல சிவப்பு. ஊறுகிற தண்ணீர் கலங்கி இருக்கும், சாம்பல் நிறமாக இருக்கும். அந்த ஊரில் எந்தக் குழி வெட்டினாலும் சிவப்பாக ஊறாது. அந்த ஒழுங்கையில் செங்கிறவல் போட்டது ஒரேயொரு முற்றம்தான். கொடியில் தொங்கிய வெள்ளைச் சாரனின் அடியிலும் ஒரு முழத்துக்கு அதே சிவப்பு ஏறிக் காய்ந்திருந்தது. முனவ்வறா சாரனின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“றுகையா இதுக்குள்ளயா விழுந்த?” என்று கேட்டாள்.

“ஓம்.”

முனவ்வறா கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். சுபைறாவுக்கு அவளைக் கூப்பிட வேண்டும் போலவும் இருந்தது, கூப்பிடக் கூடாது போலவும் இருந்தது.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு வானம் கிழக்கே இருளத் தொடங்கியது. காற்று நின்றுபோய்க் கோழிகள் எல்லாம் நேரத்தோடு ஒதுங்கின. சுபைறா வாசலில் நின்று மேகத்தையும் மணல் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் ஒழுங்கையில் அந்தக் குரல் கேட்டது.

“சபியா மாமீ! குடத்தக் கொண்டு வாங்க! மழைத்தண்ணி, கல்கண்டு மாதிரி இரிக்கி! நபீஸா, இஞ்ச வா கா! வாளி, சட்டி, கையில என்ன இரிக்கோ எல்லாத்தையும் கொண்டு வாங்க! கெதியா, மழைக்கு முதல் கெதியா!”

முனவ்வறா! ஒழுங்கையில் குரலை உயர்த்திக் கதைத்தறியாத முனவ்வறா, முக்காடு நழுவ நழுவ, வீடு வீடாக வேலியைத் தட்டிக்கொண்டு போனாள். தண்ணீரை மண்ணில் ஊற்றத்தானே அவளுக்கு மனம் வரவில்லை. ஆட்களுக்குக் கொடுக்க என்ன தடை? தர்மம், சதக்கா ஆயிற்றே! பெண்கள் சும்மா இருப்பார்களா? குடமும் பானையுமாக வந்து குவிந்தார்கள். சபியா உம்மா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். “தார் மணக்குமோ?” என்று இழுத்தவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மறுபடி இரண்டாவது குடத்துக்கு வீட்டுக்கு ஓடினாள். ஒரே சிரிப்பு, ஒரே தள்ளுமுள்ளு. சீனிமுகம்மது தன் தேத்தண்ணீர் குடம் குடமாக நடந்து போவதைத் திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் குடம் படலையைத் தாண்டும்போது முதல் துளி விழுந்தது.

சுபைறா கொட்டிலுக்குள் ஓடிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். பக்கீர் முகைதீன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தான்.

“வெளிய வா புள்ள. தண்ணி வரக்க நெய்யப் போறியா?”

“நான் இதுக்குள்ளதான் இருப்பன். மூடுறதெண்டா என்னையும் சேத்து மூடுங்க,” என்று நாடாவை எறிந்தாள்.

மழை கொட்டியது. இப்படியும் ஒரு மழையா! எதிரே இருந்த வேலி மறைந்துபோயிற்று. வெறும் பீப்பாக்களில் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் நாலு றபான் மேளம் அடிப்பது போல அதிர்ந்தது. சுபைறா அதைக் கேட்டுக் கேட்டு நெய்தாள். நேரம் போகப் போகச் சத்தம் அமுங்கி, கம்மி, ஒரு பீப்பா நிறைந்து வாய் மூடியது. இரண்டாவதும் மூடியது. மழை குறைகிற சாடையே இல்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சளசளவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

“கட்டையப் பிடுங்கிட்டன் கா!” முனவ்வறாவின் குரல் மழைக்கு மேலால் வந்தது. “மூங்கிலையும் வெச்சிட்டன்! உன்ட மட்டைக் குழிக்குப் போகுது! குடிக்குது கா, மண்ணு குடிக்குது! நீ நெய்யி!”

சுபைறாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு மிதித்தாள். ராத்தா மூலைக்கு மூலை ஓடினாள், ஒவ்வொரு பீப்பாவிலும் கட்டை பிடுங்கிய சத்தமும் “யா அல்லாஹ்!” என்ற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. ஆனால் மழை ராத்தாவை விட வேகமாக இருந்தது. மட்டைக் குழி ஒன்றுதானே, அதுவும் நிறைந்து வழிந்தது போலும். வேலியின் அடியில் ஒரு சிவப்புக் கோடு தலையை நீட்டியது. கொட்டில் வாசலை நோக்கி மெல்ல ஊர்ந்தது. பக்கீர் முகைதீன் அதைப் பார்த்தான். பிள்ளையை இறக்கி, தறிக்குத் தள்ளி இருந்த கட்டிலில் வைத்தான். எழும்பி, மணல் குவியலில் நின்ற மண்வெட்டியைப் பிடுங்கினான்.

சுபைறா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் மண் எங்கே விழும், மடியிலா காலிலா என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வாசலில் அவனைக் காணவில்லை.

“எங்க வெட்டுற?” என்ற அவன் குரல் வேலிக்கு அப்பால் கேட்டது.

“இஞ்ச வெட்டுங்க!” என்றாள் முனவ்வறா. “இந்த நடு முத்தத்துல! கிறவலக் கிழிச்சி விடுங்க, கீழ மணல்தானே இரிக்கி!”

“அடியேய்! என்ன செய்யிறீங்க?” அது சீனிமுகம்மது. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. “திமிசு போட்ட முத்தம்!”

“ஓம், முத்தம்தான்! ஆக்கள் நடக்கிற முத்தம்! குழியச் சுத்தி நடந்தாச் சரி!” என்றாள் முனவ்வறா.

மண்வெட்டி கிறவலில் பட்டுக் கணீரென்று திரும்பியது. மறுபடியும் கணீர். மறுபடியும். சிவப்புக் கோடு வாசல்படியைத் தொட்டு, உள்ளே வரலாமா என்று யோசிப்பது போல அகலித்தது. சுபைறா நெய்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தோற்றுப்போவோம் என்று அவளுக்கு இருந்தது.

பிறகு சீனிமுகம்மதுவின் குரல், மழைக்குள் இறங்கி வந்துவிட்ட குரல், கோபமா பெருமையா என்று பிரிக்க முடியாதபடி கேட்டது.

“அதால ஏறாது மச்சான். நான் போட்ட கிறவல் அது. விலகுங்க, அலவாங்கு கொண்டந்திரிக்கிறன்.”

அலவாங்கின் கூரிய இரும்பு முனை கிறவலில் இறங்கியது. அந்த அடி சுபைறாவின் காதுக்கு வருவதற்கு முன்னே, குழிக்குள் இருந்த அவளுடைய காய்ந்த உள்ளங்காலுக்கு நிலத்தின் வழியாக வந்தது. திம். அவள் மிதித்தாள். திம். நாடா ஓடியது. திம். யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். அடுத்த அடி கல்லில் விழவில்லை; கிறவலுக்குக் கீழே மணலில் மெத்தென்று புதைந்தது.